பிரபலம் ஒருத்தர் தன் பாலீர்ப்பை வெளியே சொன்னால் கொழிஞ்சாம்பாறையில் என்ன ஆகும்?

கோணப்பனை | ஞாயிறு, இரவு 10:42

எங்கள் வீட்டில் ஒரே டிவி. இரவு ஒன்பதரைக்கு ரிமோட் யார் கையில் என்று மலையாளத்துக்கும் தமிழுக்கும் தினம் ஒரு கொங்கன் படை நடக்கும் (சித்தூர்க்காரர்களுக்குப் புரியும், அவர்கள் கோயில் திருவிழாவில் நடத்தும் போர் அது). 2025 ஓணத்தை ஒட்டி ஜெயித்தது மலையாளம்தான். மோகன்லால் நடத்தும் பிக்பாஸ், ஏழாவது சீசன். அதில் ஆதிலா, நூரா என்று இரண்டு பெண்கள். காதலர்கள். அதில் ஒளிவுமறைவே கிடையாது. வீட்டார் பிரித்து வைத்தபோது ஒருத்தி ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு மனு) போட்டு, 2022 மே 31 அன்று கேரள உயர்நீதிமன்றம் சேர்ந்து வாழ அனுமதித்ததே, அந்த இருவர்தான்.

என் பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டே பார்ப்பாள். முதல் வாரம், "இவளுக ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் கேட்பதை அவளே விட்டுவிட்டாள். புரிந்துவிட்டது போல. அப்புறம் ஒரு வாரக்கடைசி. இந்த மாதிரி ஆட்களை வீட்டில் ஏற்ற முடியாது என்கிற தொனியில் பேசிய ஒரு போட்டியாளரை மோகன்லால் பிடிபிடியென்று பிடித்து, என் வீட்டில் ஏற்றுவேன் என்றார். எங்கள் மாமா சட்டென்று எழுந்து டிவியை நிறுத்தினார். பெரியம்மா முறத்திலிருந்து தலை தூக்காமல், "லால் சொன்னா சொன்னதுதான். போடு" என்றாள். போட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நடிகரோ விளையாட்டு வீரரோ தன் பாலீர்ப்பை வெளியே சொன்னால், நம் மாதிரி தமிழக-கேரள எல்லையோர ஊரில் அதனால் ஏதாவது அசைகிறதா? இல்லை, பெரியம்மா அசைந்தது லாலுக்காக மட்டுமா? உங்கள் வீடுகளில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

தோப்புக்காரர் | ஞாயிறு, இரவு 11:05

எனக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை. ஆனால் இதை ஏன் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்? எனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்று நான் எங்காவது பேட்டி கொடுத்தேனா? வீட்டுக்குள் என்னவோ செய்துகொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்.

குமுளி ஜீப் | ஞாயிறு, இரவு 11:19

அண்ணே, போன வைகாசியில் உங்கள் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்தில் பத்தடி ஃபிளெக்ஸ் வைத்துப் படம் போட்டீர்களே. மூன்று நாள் மைக்செட் வேறு. அதற்கு மேல் ஊரைக் கூட்டுவது எப்படி?

தோப்புக்காரர் | ஞாயிறு, இரவு 11:24

அது கல்யாணம்.

குமுளி ஜீப் | ஞாயிறு, இரவு 11:25

அதைத்தான் சொல்கிறேன்.

சித்தூர் டீச்சர் | திங்கள், காலை 6:10

தோப்புக்காரர் கேள்வியைச் சிரித்துத் தள்ள வேண்டாம். உலகத்தில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான். ஆனால் ஒன்று. பல பேர் தாங்களாக வந்து சொல்லவில்லை, சொல்ல வைக்கப்பட்டார்கள்.

டென்னிஸ் பில்லி ஜீன் கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் ஒரு ஆணின் மனைவி. 1981 மே மாதம் அவருடைய பழைய பெண் செயலர் பணம் கேட்டு வழக்குப் போட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. மறுத்துவிடு என்று சுற்றி இருந்தவர்கள் சொல்லியும், ஆமாம், உறவு இருந்தது என்று பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். இருபத்துநான்கு மணி நேரத்தில் விளம்பர ஒப்பந்தங்கள் எல்லாம் போயின. ஓய்வு பெறும் வயதில் வக்கீல் செலவுக்காக மறுபடி ஆடினார். அதே ஆண்டு மார்ட்டினா நவ்ரதிலோவா. இப்போது போடாதீர்கள் என்று அவர் கேட்டும் ஒரு பத்திரிகை போட்டுவிட்டது.

இன்னொருவர் கதையை வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஜஸ்டின் ஃபஷானு, இங்கிலாந்துக் கால்பந்து வீரர். பத்து லட்சம் பவுண்டுக்கு விலைபோன முதல் கறுப்பின வீரர். 1990-ல் வெளியே சொன்னார். கூடப்பிறந்த தம்பி, அவரும் கால்பந்து வீரர், பத்திரிகையிலேயே அண்ணனைக் கைகழுவினார். 1998-ல் ஜஸ்டின் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை எந்த விளம்பர ஆசையில் சேர்ப்பீர்கள்?

நம் நாட்டில் 2006, குஜராத் ராஜ்பிப்லா அரச குடும்பத்து மான்வேந்திர சிங் கோஹில். குஜராத்திப் பத்திரிகையில் பேட்டி வந்ததும் சொந்த ஊர்க்காரர்களே கொடும்பாவி எரித்தார்கள். இவன் என் மகன் இல்லை என்று அம்மா பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார். அரண்மனைக்கே இந்தக் கதி.

லெக்ஸ்பின் | திங்கள், காலை 8:47

டீச்சர், நான் கிரிக்கெட் கணக்கைச் சொல்கிறேன். மகளிர் கிரிக்கெட்டில் இது பழைய செய்தி. நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெயிட்டும் லியா டஹுஹுவும் 2017-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2018-ல் தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க், மரிசான் காப். 2022-ல் இங்கிலாந்தின் கேத்தரின் பிரண்ட், நாட் சிவர். முதல் டபிள்யூபிஎல் (மகளிர் பிரீமியர் லீக்) இறுதியாட்டத்தில் 60 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று மும்பைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே நாட் சிவர் பிரண்ட், முதுகில் இருக்கும் இரண்டாவது பேர் மனைவியுடையது. வாளையார் டீக்கடையில் கத்திக் கத்தி அந்த ஆட்டம் பார்த்தோம். எவனும் அதைக் கேட்கவில்லை.

ஆண்கள் பக்கம் வந்தால் கை விரல் போதும். இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ், 2011 பிப்ரவரி. ஆஷஸ் சுற்றுப்பயணத்துக்கு முன்பே அணிக்குள் சொல்லிவிட்டார், வெளியே பிறகு. இந்திய ஆண்கள் அணியில் இத்தனை ஆண்டில் ஆடிய அத்தனை பேரில் ஒருத்தர்கூட இல்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

தோப்புக்காரர் | திங்கள், காலை 9:30

எல்லாம் வெள்ளைக்காரர்கள், இல்லாவிட்டால் அரண்மனைக்காரர்கள். கையில் கோடி இருக்கிறவன் எதையும் சொல்லலாம். கஞ்சிக்கோட்டு மில்லில் ஷிப்டு பார்க்கிற பையன் சொன்னால் மறுநாள் அவன் நிலைமை என்ன? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கோணப்பனை | திங்கள், காலை 9:52

இது நியாயமான கேள்வி. ஆனால் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் பேரை விட்டுவிட்டீர்கள். ஒடிசாவில் நெசவாளர் வீட்டுப் பெண். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் அதிகம் என்று 2014-ல் ஓட விடாமல் நிறுத்தினார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015-ல் ஜெயித்தார். 2018 ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி. 2019 மே மாதம், என் ஊர்ப் பெண் ஒருத்தியோடு வாழ்கிறேன் என்று சொன்னார். அதுவும் சொந்த வீட்டுக்குள்ளிருந்தே மிரட்டல் வந்ததால்தான் சொல்ல வேண்டி வந்தது. இரண்டே மாதத்தில் நேப்பிள்ஸ் போய் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் தங்கம். 11.32 விநாடி.

(பின்னால் ஊக்கமருந்து வழக்கில் தடை வந்தது. அது வேறு சங்கதி, அதைக் கொண்டுவந்து இங்கே போடாதீர்கள்.)

சித்தூர் டீச்சர் | திங்கள், மதியம் 1:15

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கரண் ஜோஹர் தன் சுயசரிதையில், என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ஜெயிலுக்குப் போக நேரலாம், அதனால் சொல்ல மாட்டேன் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அது 2017. அவருக்கு தைரியம் இல்லை என்று இணையத்தில் கேலி செய்தார்கள். இந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு அப்போது உயிரோடு இருந்ததை யாரும் நினைக்கவில்லை. டெல்லி உயர்நீதிமன்றம் 2009-ல் தளர்த்தியதை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் மனமொத்த உறவு குற்றமில்லை என்று ஆயிற்று. அந்த வழக்கைப் போட்டவர்களே பிரபலங்கள்தான்: நடனக் கலைஞர் நவ்தேஜ் ஜோஹர், சமையல் கலைஞர் ரித்து டால்மியா. நாங்கள் இப்படித்தான் என்று கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். தோற்றிருந்தால் அந்தக் காகிதமே அவர்களுக்கு எதிரான சாட்சி. வாதாடியவர்களில் மேனகா குருசாமியும் அருந்ததி கட்ஜுவும், நாங்கள் ஜோடி என்று அடுத்த ஆண்டு சொன்னார்கள்.

சட்டம் மாறியதும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. சௌரப் கிர்பால் என்ற வழக்கறிஞர் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அவரை டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக்கச் சொல்லி 2021-ல் கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழு) பரிந்துரைத்தது, 2023 ஜனவரியில் மறுபடி வலியுறுத்தியது. அரசு தயங்கியதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்று கொலீஜியமே எழுதி வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17, தன்பால் ஜோடிகளுக்குத் திருமண உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ரெண்டுங்கெட்டான் | திங்கள், மாலை 4:02

(பதிவு நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்)

மட்டுறுத்துநர் | திங்கள், மாலை 4:20

ஒரு தமிழ் நடிகர் பேரையும் ஒரு இசையமைப்பாளர் பேரையும் போட்டு, இவர்களும் அப்படித்தானாம் என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன். தானாகச் சொன்னவர்களைப் பற்றி மட்டும் பேசலாம். அடுத்தவர் வீட்டுக் கதவை நீங்கள் திறந்து வைக்க வேண்டாம்.

ரெண்டுங்கெட்டான் | திங்கள், மாலை 4:31

கோடம்பாக்கம் முழுக்கத் தெரிந்ததைத்தானே எழுதினேன்? இவர்கள் சொன்னால் நல்லது என்று நீங்களேதான் சொல்கிறீர்கள்.

குமுளி ஜீப் | திங்கள், மாலை 4:50

நவ்ரதிலோவாவுக்கு அந்தப் பத்திரிகை செய்ததைத்தான் நீயும் செய்கிறாய் தம்பி. டீச்சர் காலையில் எழுதியதைப் படித்தாயா, நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாயா?

நூல்கண்டு | திங்கள், இரவு 9:15

இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

என் சித்தப்பா மகளைப் பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டி இந்தப் பக்கம் கொடுத்தோம். நல்ல பையன், குடி கிடையாது, அரசு வேலை. ஆறு வருடம். அவள் மேல்தான் குறை என்று வேண்டாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. ஒரு டாக்டர் அவளை மட்டும் ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்த்தார், அவனை ஒருநாளும் கூப்பிடச் சொல்லவில்லை. கடைசியில் அவனே ஒரு ராத்திரி அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னான். இருபது வயதிலேயே தெரியும், அம்மா விஷம் குடிப்பேன் என்றதால் தாலி கட்டினேன் என்று. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "அக்கா, எனக்குக் கோபம்கூட வரல. என் மேல குறை இல்லைன்னு தெரிஞ்சதும் தூக்கம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் தூங்கினேன்."

மம்முட்டி நடித்த 'காதல்' 2023-ல் வந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு பாலக்காடு போய்ப் பார்த்தேன். தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்ந்து, உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் கணவர், கல்லூரி போகும் மகள், அந்த நேரத்தில் விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போகும் மனைவியாக நம் ஜோதிகா. படம் முழுக்க அந்த மனைவி சத்தம் போடவே மாட்டாள். இடைவேளையில் பக்கத்து சீட் அம்மா, "பாவம் அந்த ஆளு" என்றார். இவள் மெதுவாகத் திரும்பி, "அந்தப் பொம்பளையும்தாங்க" என்றாள்.

கோணப்பனை கேட்டதற்கு என் பதில்: பெரிய ஆள் யாராவது ஒரு இருபது வருடம் முன்னால் இந்தப் பக்கம் வெளியே சொல்லியிருந்தால், அந்த மாமியார் விஷப் பாட்டிலைத் தேடும் முன் ஒரு நிமிடம் யோசித்திருப்பாளோ என்னவோ. மம்முட்டி நடித்தார், சந்தோஷம். ஆனால் நடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நடிக்காமல் சொன்ன ஆள் ஒருத்தர் வேண்டும்.

சித்தூர் டீச்சர் | திங்கள், இரவு 9:58

நூல்கண்டு, உங்கள் தங்கை இப்போது எப்படி இருக்கிறாள்?

நூல்கண்டு | திங்கள், இரவு 10:06

தையல் கடை வைத்திருக்கிறாள். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் கை ஓயாது. அவன் பெங்களூரு போய்விட்டான். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அது எங்கள் சித்திக்குத்தான் பொறுக்கவில்லை.

லெக்ஸ்பின் | திங்கள், இரவு 10:30

சின்ன சந்தேகம். தன்பாலீர்ப்பு என்றுதான் எழுத வேண்டுமா? பேப்பரில் எல்லாம் ஓரினச்சேர்க்கை என்றுதானே போட்டார்கள்.

சித்தூர் டீச்சர் | திங்கள், இரவு 10:41

அது படுக்கையை மட்டும் பேசுகிற சொல். இது மனது யார் பக்கம் போகிறது என்பதைச் சொல்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல், எனக்கே இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழக அரசு 2022-ல் சொற்பட்டியல் வெளியிட்டது. நம் பிரச்சினை, அந்தப் பட்டியல் வாளையார் செக்போஸ்டைத் தாண்டவில்லை. மலையாளத்தில் 'ஸ்வவர்க்கானுராகி' என்கிறார்கள், பெரியம்மா வாயில் நுழையாது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் நன்றாகத் தெரிந்திருப்பது வசவு மட்டும்தான்.

வெறும்வாசகன் | செவ்வாய், அதிகாலை 1:37

ஒன்பது வருடமாக இந்த மன்றத்தைப் படிக்கிறேன். முதல் பதிவு.

2019 மே மாதம். (ஊர்ப் பெயர் நீக்கப்பட்டது – மட்டு.) சலூன். அப்பா நாற்காலியில், முகமெல்லாம் நுரை, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது, அதனால் பெஞ்சில் இருந்து நான் பேப்பர் படிக்க வேண்டும். அது சின்ன வயதிலிருந்து எங்கள் வழக்கம். தேர்தல், ஆழியாறு தண்ணீர், கொப்பரை விலை என்று படித்துக்கொண்டே வந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் டூட்டி சந்த் படம். அதைப் படிப்பதா, தாண்டுவதா என்று எனக்குக் கை நடுங்கியது. படித்தேன். குரல் மாறாமல் படித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைக்காரர் கத்தியை நிறுத்தி, நான் இங்கே எழுத விரும்பாத ஒன்றைச் சொல்லிச் சிரித்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நுரைக்குள்ளிருந்து, "சிரிக்கறவனெல்லாம் அந்தப் புள்ளகூட நூறு மீட்டர் ஓடிப் பாருங்க" என்றார். அப்புறம் என்னிடம், "அடுத்ததைப் படி."

அந்த "அடுத்ததைப் படி"யை இன்றுவரை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இந்தப் பேச்சு போதும் என்றாரா? இதில் ஒன்றும் இல்லை, மேலே போ என்றாரா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முகத்தில் நுரை.

தோப்புக்காரர் ஐயா, ஏன் ஊரைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை யாராவது சொல்லும்போதும் நான் டிவியைப் பார்ப்பதில்லை, அப்பாவைப் பார்ப்பேன். 2023 தீர்ப்பு அன்று ஒன்றும் பேசவில்லை. மம்முட்டி படத்துக்கு அம்மாவோடு போய்விட்டு வந்து, "மம்முட்டி அழுதா நமக்கும் வந்துடுது" என்றார். ஆதிலா நூரா வந்தால் சேனலை மாற்ற மாட்டார், சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பார். எல்லாவற்றையும் பால்காரர் சுவரில் கோடு போடுகிற மாதிரி மனதில் போட்டு வைத்திருக்கிறேன். கூட்டினால் என்ன வரும் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இப்போது முப்பத்தொன்று. தரகர் இரண்டு தடவை வந்துபோய்விட்டார். நூல்கண்டு அக்கா எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை, அதனால்தான் எழுதினேன்.

நூல்கண்டு | செவ்வாய், காலை 5:50

தம்பி, தரகரிடம் மட்டும் முதலில் முடியாது என்று சொல்லிவிடு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலை, கடன், ஜாதகம், எதையாவது சொல். அப்பாவிடம் பேசுவதற்கு உனக்கு நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருக்காது.

சித்தூர் டீச்சர் | செவ்வாய், காலை 6:25

எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா லீலா சேத், ஒரு மாநில உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 2013 தீர்ப்பு வந்த பிறகு, என் மகனைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களே என்று பத்திரிகையில் எழுதினார், பேரைப் போட்டு. அப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. உன் அப்பாவும் அப்படி எழுதுவார் என்று நான் சொல்ல வரவில்லை. சலூனில் சிரிக்காமல் இருப்பதும் லேசான காரியம் இல்லை, அவ்வளவுதான்.

தோப்புக்காரர் | செவ்வாய், காலை 7:40

இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

நான் உன் அப்பா வயது. ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத்தான் வீட்டிலும் பேசுகிறேன், சாப்பிடும்போது, சத்தமாகவே. இரண்டு பையன்கள். பெரியவன் சாப்பிடும்போது பேசவே மாட்டான், போனைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தேன்.

நீ சொல்கிற அந்த சலூன் எது என்று தெரிகிறது. (ஊர்ப் பெயர் நீக்கப்பட்டது – மட்டு.) பஸ் ஸ்டாப் எதிரே இருப்பதுதானே? என் தோப்பு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். இந்தப் பக்கம் வந்தால் இளநீர் வெட்டித் தருகிறேன். எதுவும் பேச வேண்டாம்.

வெறும்வாசகன் | செவ்வாய், காலை 7:52

நன்றி ஐயா. மட்டுறுத்துநர், ராத்திரி தெரியாமல் ஊர்ப் பேரைப் போட்டுவிட்டேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஐயாவின் பதிவிலும். கொஞ்சம் சீக்கிரம், அப்பா எட்டு மணிக்கு எழுந்து என் போனில்தான் கொப்பரை விலை பார்ப்பார்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 7:55

இரண்டிலும் எடுத்தாச்சு.